கருவைச் சுமக்கும் முதுகெலும்பு

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேறுகாலத்துக்கு முன் ஏதேனும் ஒரு கட்டத்தில் முதுகின் அடிப்பகுதியிலோ இடுப்பிலோ வலியை உணர்கிறார்கள் என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே இந்த வலி இருவகைத் தவறான அணுகுமுறைகளுக்கு ஆளாகிறது. பிள்ளை சுமந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி, அதைப் பொறுத்துக்கொள்ளும்படி பெண்ணிடம் விட்டுவிடுவது ஒன்று. வலிக்கு அஞ்சி அவரை அசையாமல் படுக்கவைத்துவிடுவது மற்றொன்று. இரண்டுமே கர்ப்பகால உடலியலோடு பொருந்தாதவை. வலி ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் எளியவை என்பதும், அவற்றுள் முதன்மையானது ஓய்வு அல்ல, அளவான அசைவே என்பதும் தெளிவாகும்.

கூடும் எடை, நகரும் மையம்

கருவுறாத நிலையில் சுமார் 70 கிராம் எடையுள்ள கருப்பை, பேறுகாலத்தை நெருங்கும்போது ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதனுள் ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள குழந்தையும், அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நஞ்சுக்கொடியும், பனிக்குட நீரும் இருக்கின்றன; இவற்றுக்கு வெளியே, தாயின் இரத்த அளவு 40 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது, திசுக்களில் நீர் சேர்கிறது, பாலூட்டும் காலத்துக்கான கொழுப்பும் சேமிக்கப்படுகிறது. இயல்பான உடல் எடையோடு கருவுறும் பெண்ணின் எடை 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்திய மருத்துவர்கள் பொதுவாக 10 முதல் 12 கிலோ என்ற அளவைச் சொல்கிறார்கள்.

முதுகைப் பொறுத்தவரை, எடை எவ்வளவு கூடுகிறது என்பதைவிட எங்கே கூடுகிறது என்பதே முக்கியம். உடல் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அந்தப் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். நேராக நிற்கும் மனிதரிடம் அது இடுப்புக்கும் பாதங்களுக்கும் நேர் மேலே அமைந்திருப்பதால், நிற்பதற்குத் தசைகள் அதிகம் உழைக்க வேண்டியதில்லை. வயிறு முன்னோக்கி வளரும்போது இந்த மையமும் முன்னோக்கி நகர்கிறது. நிறைகுடத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்குபவர் தம்மை அறியாமலே தோள்களைப் பின்னுக்குச் சாய்ப்பதைப் போல, கர்ப்பிணியும் மேலுடலைப் பின்னுக்குச் சாய்த்து மையத்தை மீண்டும் பாதங்களுக்கு மேலே கொண்டுவருகிறார். இந்தச் சாய்வால் முதுகின் அடிப்பகுதியில் ஏற்கெனவே இருக்கும் உள்வளைவு ஆழமாகிறது. முள்ளெலும்புகளின் பின்புறத்திலுள்ள சிறு மூட்டுகள் ஒன்றையொன்று கூடுதலாக அழுத்துகின்றன. முதுகுத் தண்டின் இருமருங்கிலும் ஓடும் நீண்ட தசைகள் நாள் முழுவதும் இறுக்கத்திலேயே இருக்க நேர்கிறது. அதே வேளையில், முன்புறமிருந்து முதுகுக்கு அணை கொடுக்க வேண்டிய வயிற்றுத் தசைகள் விரிந்து நீண்டு, தம் வலிமையில் ஒரு பங்கை இழக்கின்றன. மாலை நேரத்தில் வலி கூடுவதற்கு இந்தத் தசைச் சோர்வு ஒரு முக்கியக் காரணம்.

பரிணாமம் கண்ட தீர்வு

நான்கு கால்களில் நடக்கும் பாலூட்டிகளுக்கு இந்தச் சிக்கல் இதே வடிவில் எழுவதில்லை. கருவின் எடை நான்கு கால்களுக்கும் நடுவில் தொங்குவதால் சமநிலை குலைவதில்லை. இரு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய மனித மூதாதையருக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்க வேண்டும், ஏனெனில் உணவு தேடவும் ஆபத்திலிருந்து தப்பவும் கருவுற்ற பெண்ணும் நடந்தாக வேண்டும். கேத்தரின் விட்கோம், லைசா ஷபைரோ, டேனியல் லீபர்மன் ஆகிய மூவரும் 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, பெண்ணின் முதுகெலும்பில் இதற்கான தனித் தகவமைப்பு இருப்பதைக் காட்டியது. கர்ப்பிணிகள் 19 பேரின் நிற்கும் நிலையைத் தொடர்ந்து அளந்த அவர்கள், கர்ப்பம் வளர வளர இடுப்புப் பகுதியின் உள்வளைவு 60 விழுக்காடு வரை கூடக்கூடும் என்றும், அந்த வளைவே ஈர்ப்பு மையத்தை நிலைப்படுத்துகிறது என்றும் கண்டனர்.

இந்தக் கூடுதல் வளைவுக்கு இடமளிக்கும் வகையில் பெண்ணின் எலும்புகளே வேறுவிதமாக அமைந்துள்ளன. இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில், முன்புறம் தடித்தும் பின்புறம் மெலிந்தும் ஆப்பு வடிவம் கொண்டவை ஆண்களிடம் இரண்டாகவும் பெண்களிடம் மூன்றாகவும் உள்ளன. அதனால் பெண்ணின் முதுகில் வளைவு ஒரே இடத்தில் குவியாமல் நீண்ட பகுதியில் பரவுகிறது. பின்புறச் சிறு மூட்டுகளும் பெண்களிடம் ஒப்பளவில் பெரியவை என்பதால், எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை அவை உறுதியோடு தடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகளில் கிடைத்த ஆஸ்ட்ரலோபித்தீக்கஸ் எனும் தொல்மனித இனத்தின் எலும்புகளிலும் இதே பால்வேறுபாட்டை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதப் பேரினம் தோன்றும் முன்பே, நிமிர்ந்து நடந்தபடி கருவைச் சுமப்பதற்குப் பெண்ணின் முதுகு தகவமைந்துவிட்டது என்பதே இதன் பொருள். பெண்ணின் முதுகு பலவீனமானது என்ற பொதுக் கருத்துக்கு இந்தச் சான்று நேர் எதிரானது. ஆனால் அந்த அமைப்பு, நடந்துகொண்டும் குனிந்து நிமிர்ந்துகொண்டும் இருந்த உடல்களில் உருவானது. அதைத் தாங்கும் தசைகள் உழைப்பால் வலுப்பெற்றிருக்கும்போதுதான் அது முழுப் பயன் தரும்.

தளரும் பிணைப்புகள்

வலிக்கு இரண்டாவது காரணம் இடுப்பு வளையத்தில் இருக்கிறது. இரு பக்க இடுப்பெலும்புகளும், பின்புறம் அவற்றுக்கு நடுவில் ஆப்புபோல் அமர்ந்திருக்கும் திரிக எலும்பும் சேர்ந்து மூடிய வளையமாகின்றன. பின்புறம் இரண்டு, முன்புறம் ஒன்று என மூன்று இணைப்புகள் இதில் உண்டு. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் பந்தகங்கள் எனப்படும் வலிய நார்க்கட்டுகள் இவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. கர்ப்ப காலத்தில் இந்த நார்கள் தளர்ந்து, குழந்தை வெளிவரும் பாதை சற்று நெகிழ்கிறது. இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட முன்புற இணைப்பு, கர்ப்பத்தின்போது மேலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் விரிகிறது.

அமெரிக்க உயிரியலாளர் ஃபிரெடரிக் ஹிசா, கருவுற்ற விலங்கின் இரத்தச் சீரத்தைக் கருவுறாத கினிப் பன்றிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் முன்புற இடுப்பு இணைப்பு தளர்வதைக் கண்டு 1926இல் வெளியிட்டார். அந்தத் தளர்வுக்குக் காரணமான ஹார்மோன் பின்னர் ரிலாக்சின் எனப் பெயர் பெற்றது. மனிதரில் இது முதல் மூன்று மாதங்களில் உச்சத்தை அடைந்து பின்னர் குறைகிறது. வலியோ பெரும்பாலோருக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே கூடுகிறது. இரத்தத்திலுள்ள ரிலாக்சின் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் நிலையான தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் நிறுவவும் இல்லை. எனவே, ஹார்மோன் தளர்வு மட்டுமே வலியை உண்டாக்குகிறது என்பதைவிட, தளர்ந்த இணைப்புகளைப் பிடித்து நிறுத்தும் கூடுதல் பொறுப்பு தசைகள்மேல் விழும்போது, அதற்கு அவை ஆயத்தமாக இல்லாத உடலில் வலி தோன்றுகிறது என்று கொள்வதே பொருத்தமாகும். தசைகளை வலுப்படுத்த முடியும் என்பதால் இந்த விளக்கம் சிகிச்சைக்கும் வழி காட்டுகிறது.

இருவகை வலிகள்

கர்ப்பகால முதுகுவலி என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இருவகைப்படும். இரண்டையும் பிரித்தறிவது அவசியம். முதல் வகை, இடுப்பு மடிப்புக்கு மேலே, முதுகெலும்பின் நடுவிலும் அதன் ஓரங்களிலும் தோன்றுவது. நீண்ட நேரம் நின்றாலும், குனிந்து வேலை செய்தாலும், ஒரே நிலையில் அமர்ந்திருந்தாலும் கூடும். இரண்டாம் வகை, இடுப்பு மடிப்புக்குக் கீழே, புட்டத்தின் மேற்பகுதியில் ஒருபுறமோ இருபுறமோ ஆழமாக உணரப்படுவது; சிலருக்கு முன்புற இணைப்பிலும் தொடையின் உட்புறத்திலும் பரவும். இதை இடுப்பு வளைய வலி என்கிறார்கள். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. மாடிப்படி ஏறும்போதும், ஒற்றைக் காலில் நின்று உள்ளாடையோ சேலையோ அணியும்போதும், படுக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போதும் சுருக்கென்று குத்தும் வலி இவ்வகையின் அடையாளம். இங்கே இடுப்பு வளையத்தின் இரு பக்கங்களுக்கும் சுமை சமமாகப் போய்ச்சேர வேண்டியது முக்கியம் என்பதால், முதல் வகைக்குப் பொருந்தும் சில பயிற்சிகள் இதைக் கூட்டிவிடக்கூடும்.

ஏற்கெனவே முதுகுவலி இருந்தவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் இந்த வலி வந்தவர்களுக்கும், உடலை வருத்தும் வேலை செய்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இவர்கள் வலி முற்றும்வரை காத்திராமல், கருவுற்ற தொடக்கத்திலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

அசைவே முதல் மருந்து

கர்ப்பகால முதுகுவலிக்கான சிகிச்சைகளைப் பற்றிய 34 சோதனைகளை, 5,121 பெண்களின் தரவுகளோடு, காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2015இல் ஆராய்ந்தது. தரையிலோ நீரிலோ செய்யும் முறையான உடற்பயிற்சி முதுகின் அடிப்பகுதி வலியைக் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளும், முதுகு வலியையும் இடுப்பு வலியையும் தடுக்கக் கர்ப்பகாலம் முழுவதும் ஒழுங்கான உடற்பயிற்சியை முன்வைக்கின்றன. வலி வந்தபின் இயன்முறை சிகிச்சை, தாங்குபட்டை, அக்குபங்சர் ஆகியவற்றையும் தேர்வுகளாகக் குறிப்பிடுகின்றன.

தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் சற்று விரைவாக நடந்தாலே இந்த அளவு நிறைவேறிவிடும். மூச்சு சற்று வாங்கினாலும் தொடர்ந்து பேச முடிகிறது என்றால் உழைப்பு சரியான அளவில் இருக்கிறது; பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடையோடு, முதுகையும் இடுப்பையும் தாங்கும் தசைகளுக்கான எளிய பயிற்சிகளும் தேவை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, முதுகின் வளைவு சுவரைத் தொடும்படி இடுப்பைச் சற்று உருட்டி, சில நொடிகள் நிறுத்தித் தளர்த்துவது ஒன்று. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைத்துப் பின் நேராக்குவது மற்றொன்று; யோகப் பயிற்சியில் மார்ஜாரி ஆசனம் என்று அறியப்படும் இந்நிலையில் கருவின் எடை சிறிது நேரம் முதுகிலிருந்து விலகுகிறது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியும் இவற்றோடு சேரும்.

நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருப்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், முன்கூட்டியே பேறுவலி வரும் அறிகுறி உள்ளவர்கள், கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரின் அனுமதியின்றி உடற்பயிற்சியில் இறங்கக்கூடாது. மற்றவர்களுக்கு முதுகைத் தாண்டியும் நன்மை உண்டு: ஒழுங்கான உடலுழைப்பு, கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பையும் எடை அளவுக்கு மீறிக் கூடுவதையும் குறைக்கிறது.

அன்றாட வேலைகளில் முதுகு

அரை மணி நேரப் பயிற்சியின் பலனை, மீதி நாளில் உடல் இயங்கும் விதம் கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும். தண்ணீர்க் குடத்தையோ மூத்த குழந்தையையோ ஒரு பக்க இடுப்பில் சுமக்கும்போது வளையத்தின் ஒரு பாதிக்கு மட்டும் சுமை ஏறுவதால், இடுப்பு வளைய வலி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கீழே கிடக்கும் பொருளை எடுக்கும்போது இடுப்பை வளைத்துக் குனியாமல், முழங்கால்களை மடக்கி இறங்கி, பொருளை உடலோடு ஒட்டி எடுத்து, கால்களின் வலிமையால் எழ வேண்டும். சமையலறையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால், தாழ்வான பலகையொன்றில் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது முதுகின் இறுக்கத்தைத் தளர்த்தும்.

உறக்கத்திலும் கவனம் வேண்டும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான பகுப்பாய்வு, 28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்த நிலையில் உறங்கச் செல்வோருக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து 2.6 மடங்கு அதிகம் என்று கண்டது. அந்த ஆபத்து மொத்தத்தில் சிறியதே என்றாலும், பக்கவாட்டில் படுப்பது எவருக்கும் எளிதாகச் செய்யக்கூடியது. இடமோ வலமோ எந்தப் பக்கமும் ஏற்றதே. இடையில் விழிக்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவிலும் வயிற்றுக்கு அடியிலும் தலையணை வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. புரண்டு படுத்தால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. கொடி சுற்றுவது கருப்பைக்குள் குழந்தையின் சொந்த அசைவால் நிகழ்வது. தாய் புரள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரு முழங்கால்களையும் சேர்த்துவைத்து உடலை ஒருசேரத் திருப்புவதே இடுப்புக்கு நல்லது.

உணவும் மருந்தும்

குழந்தையின் எலும்புக்கூட்டில் பிறக்கும்போது ஏறத்தாழ 30 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. இதை ஈடுகட்டத் தாயின் குடல் உணவிலிருந்து சுண்ணாம்பை ஏறக்குறைய இருமடங்கு உறிஞ்சத் தொடங்குகிறது. ஆனால் உணவிலேயே அது குறைவாக இருந்தால் உறிஞ்சும் திறன் கூடியும் பயனில்லை என்பதால், கேழ்வரகு, பால், தயிர், கீரை, முள்ளோடு உண்ணக்கூடிய சிறுமீன் ஆகியவை உணவில் இடம்பெற வேண்டும். இந்திய அரசின் திட்டப்படி, இரண்டாம் மும்மாதத்திலிருந்து கால்சியம் மாத்திரைகளும், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரைகளும் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படுகின்றன. உடல் இரும்பை உறிஞ்சுவதைக் கால்சியம் தடுப்பதால் இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் உட்கொள்ள வேண்டும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகையால் சோர்ந்த உடலில் தசைகளும் விரைவில் களைத்துவிடும் என்பதால், முதுகைப் பேணுவதையும் இரத்தத்தைப் பேணுவதையும் தனித்தனியே பார்க்க முடியாது.

வலி மாத்திரைகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை 20 வாரங்களுக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது; இறுதி மாதங்களில் இவை குழந்தையின் இதயத்தருகே உள்ள முக்கிய இரத்தக்குழாயை முன்கூட்டியே மூடச்செய்யவும் கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் பூசும் களிம்புகளிலும் இவை கலந்திருப்பது வழக்கம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் பயன்படுத்தக்கூடாது. மருந்து தேவைப்படும்போது மருத்துவர்கள் பொதுவாக முதலில் தேர்வது பாராசிட்டமாலையே; அதையும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகில் மட்டும் இதமான வெந்நீர் ஒத்தடம் தருவது பாதுகாப்பானது.

காத்திருக்கக்கூடாத வலிகள்

சில வலிகள் மேற்சொன்ன காரணங்களால் வருபவை அல்ல. 37 வாரங்களுக்கு முன் முதுகுவலி விட்டுவிட்டு, சீரான இடைவெளியில், அடிவயிற்று இறுக்கத்தோடு வந்தால் அது முன்கூட்டிய பேறுவலியாக இருக்கலாம். காய்ச்சலும் குளிரும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்து விலாப்புறத்தில் வலித்தால் சிறுநீரகத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரத்தப்போக்கோடு கூடிய முதுகுவலியும், கடும் தலைவலியோ பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்து வரும் நிலையும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. கால்கள் வலுவிழந்தாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ நரம்புகள் நசுங்கியிருக்கலாம். அந்த நிலையில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தர ஊனத்துக்கு இடமளிக்கும்.

பொறுப்பு யாருடையது

பெரும்பாலான பெண்களுக்குப் பேற்றுக்குப் பிந்தைய சில மாதங்களில் வலி தானாகவே தணிகிறது. ஒரு பகுதியினருக்கு அது நீடிக்கிறது. அவ்வாறு நீடிக்கும் வலி குழந்தைப்பேற்றின் விலை என்று ஏற்கப்படாமல், இயன்முறை மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட வேண்டும்.

இந்த அத்தியாயம் விவரித்த வழிகளில் பலவற்றைக் கர்ப்பிணி தனியாக நிறைவேற்ற இயலாது. நடக்க அரை மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் வீட்டு வேலையில் ஒரு பங்கை வேறு யாரேனும் ஏற்க வேண்டும். குடம் தூக்காமலிருக்க வேண்டுமானால் தண்ணீரைக் கொண்டுவர வேறு கைகள் வேண்டும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பேறுகாலம் நெருங்கும் மாதங்களில் கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் மறுத்துக் கேட்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் அமர இருக்கை அளிப்பதைத் தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தத்தின் மூலம் கட்டாயமாக்கியது. நாள் முழுவதும் நின்று விற்பனை செய்யும் துணிக்கடைப் பெண்களுக்கு, கருவுற்ற காலத்தில் அந்த இருக்கை மருத்துவத் தேவை. கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளும் அந்த எட்டுச் சந்திப்புகளிலும் முதுகு வலிக்கிறதா, எங்கே, எப்போது என்ற கேள்வியும் கேட்கப்பட்டு, பதில் பதிவு செய்யப்பட வேண்டும். தடுக்கக்கூடிய வலியை ஒரு பெண் ஒன்பது மாதம் பொறுத்துக்கொள்வதைத் தாய்மையின் பெருமையாகக் கொண்டாடுவதைவிட, அதைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.